மாப்பிள்ளை வாட்ச்

“ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க மாப்ளே. நான் ஒன்னுமே சொல்லமாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு வெள்ளியங்கிரி எழுந்து போய் ஜன்னலோர சோபாவில் உட்கார்ந்துகொண்டதும், பூபதியின் மனம் அந்தக் கடைசி வார்த்தையில் போய்ச் சிக்கிக்கொண்டது. சொல்லமாட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர் பேசாமல் இருந்துவிட்டுப் போவார். சொல்லமாட்டேன் என்கிறவரிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போனது எதற்கு? தள்ளி உட்கார்ந்தால்தான் ஒருவனை முழுசாகப் பார்க்க முடியும். கண்ணாடி மேஜைக்கு முன்னால் தனியாக விடப்பட்ட பூபதி முதுகை நிமிர்த்திக்கொண்டான். நிமிர்த்திக்கொண்டது அங்கிருந்து தெரிந்திருக்குமே என்று தோன்றியதும் மெல்லத் தளர்த்திக்கொண்டான். தளர்த்தியதும் தெரிந்திருக்கும். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம், முதல் மாடியில், வெளியே பெயரைக்கூடச் சின்னதாகத்தான் போட்டிருந்த கடை அது. காலை பதினொரு மணிக்கு வேறு ஆளே இல்லை. கதவைத் திறந்துவிட்ட காவலாளிகூட கோட்டு போட்டிருந்தார். இன்னும் பத்தொன்பது நாளில் பூபதிக்கும் வெள்ளியங்கிரியின் ஒரே மகள் சிந்துஜாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் செய்கிற முறைதான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. “அவங்க குடுக்கறத வாங்கிக்கோ சாமி, நீயா வாயத் தொறந்து எதையும் கேட்டுப்போடாதே” என்று அம்மா தாராபுரத்திலிருந்து கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். கொடுத்திருந்தால் வாங்கியிருப்பான். அவர்கள் கொடுக்கவில்லையே, எடுத்துக்கொள் என்கிறார்கள். வாங்குவது வேறு, எடுப்பது வேறு. எடுக்கிற கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

கருநீல வெல்வெட் தட்டில் இரண்டு கடிகாரங்களும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று மெலிசு. இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் தடிமன். வெண்ணெய் நிற முகப்பு, அதில் எண்கள்கூடக் கிடையாது, எண்கள் இருக்க வேண்டிய இடங்களில் மயிரிழை போலக் கோடுகள். முட்களும் இரண்டே இரண்டுதான், விநாடி முள் இல்லை. பழுப்புத் தோல் வார். கம்பெனி பெயரைப் படிக்க வேண்டுமானால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று உடம்பு, பட்டை எல்லாமே மஞ்சள் தங்கம். நீல முகப்புக்குள் மூன்று குட்டி முகப்புகள், சுற்றிவரக் கற்கள். கூரையில் எரிந்த விளக்குகள் ஆளுக்கொரு கல்லில் இறங்கி உட்கார்ந்திருந்தன. பூபதி லேசாகத் தலையை அசைத்தால் அத்தனையும் சேர்ந்து அசைந்தன. ‘வெலைய நெனைக்காதீங்க மாப்ளே, ரெண்டும் ஏறக்குறைய ஒன்னுதான்’ என்று வெள்ளியங்கிரி காரிலேயே சொல்லிவிட்டார். அதுதான் முதலில் உறுத்தியது. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருடம் பூபதி செய்த வேலையே மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான். ஒன்று எங்கே உடையும் என்று தெரிய வேண்டுமானால், மற்ற எல்லாவற்றையும் அசையாமல் கட்டிப்போட்டுவிட்டு அதை மட்டும் தட்டிப் பார்க்க வேண்டும். இங்கே விலையைக் கட்டிப்போட்டாயிற்று. நூறு கடிகாரம் இருக்கிற கடையில் இரண்டை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லி நேற்றே போன் பண்ணியாயிற்று, அதையும் அவரே சொன்னார். மிச்சம் இருப்பது பூபதி மட்டும்தான். இவன் எங்கே உடைவான் என்று பார்க்கிறார்கள்.

செய்த வேலை. செய்கிற வேலை என்று மனசுக்குள்கூட வரமாட்டேன் என்கிறதே என்று அவனுக்கு உறைத்தது. வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. பதினொரு நிமிடம் நடந்த ஒரு வீடியோ அழைப்பில் போனது. சிரித்த முகமாக ஒரு பெண், அவள் பெயர் திரையில் இருந்தது, இப்போது ஞாபகம் இல்லை, அவளுக்குப் பின்னால் ஒரு செடி மட்டும் ஞாபகம் இருக்கிறது, நிஜச் செடியா பிளாஸ்டிக்கா என்று அந்தப் பதினொரு நிமிடமும் யோசித்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஆள் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனான். வீட்டில் சொல்லவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம், வேலை மாறிவிட்டேன் என்று ஒரே வாக்கியமாகச் சொன்னால் போதும் என்று முதல் வாரம் நினைத்தான். இரண்டாவது வாரமும் நினைத்தான். அதற்குள் பத்திரிகை அடித்துவிட்டார்கள். பூபதி என்கிற பெயருக்குக் கீழே பட்டம், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அந்தக் கம்பெனியின் பெயர். ஆயிரத்தைந்நூறு பத்திரிகை. மஞ்சள் தடவிய ஆயிரத்தைந்நூறு பொய்கள் பொள்ளாச்சி, உடுமலை, ஈரோடு என்று வீடு வீடாகப் போய் அலமாரிக் கண்ணாடியில் செருகப்பட்டிருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர் மகனுக்கு, மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுக்கிற பட்டறை முதலாளி பெண் கொடுக்கிறார் என்றால், அந்த அடைப்புக்குறியை நம்பித்தானே கொடுக்கிறார்? அதற்குள்ளே இப்போது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதா?

தெரிந்திருக்கலாம். காரில் ஏறினதும் ஏறாததுமாக “ஆபீஸ்ல லீவு குடுத்துட்டாங்களுங்களா மாப்ளே?” என்று கேட்டார். சாதாரணக் கேள்வி, யாரும் கேட்பார்கள். ஆனால் கேட்கும்போது அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் இவனைப் பார்த்தார். “குடுத்துட்டாங்க மாமா” என்று இவன் சொன்ன வேகம் சரியில்லை. லீவு கிடைத்தவன் கொஞ்சம் அலுத்துக்கொள்வான், மேனேஜரைத் திட்டுவான். இவன் குடுத்துட்டாங்க என்று முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போன செவ்வாய்க்கிழமை சிந்துஜாவின் பெரியப்பா மகன் ரஞ்சித், அவனும் பெங்களூர்தான், லிங்க்ட்இன்னில் நட்பு கேட்டு அனுப்பியிருந்தான். நிச்சயத்தன்று கை கொடுத்ததோடு சரி, அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாதவன் திடீரென்று ஏன் அங்கே வந்து தட்டுகிறான்? பூபதி அந்தப் பக்கத்தில் எதையும் மாற்றவில்லை, பழைய கம்பெனி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியில் ரஞ்சித்துக்கு ஒரு நண்பன் இருந்தால்? ஒரு நண்பன் போதும். ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது, பூபதியா, அவரைத்தான் அனுப்பிட்டாங்களே என்று சொன்னால் முடிந்தது. ரஞ்சித் சித்தப்பாவிடம் சொல்லியிருப்பான். சித்தப்பா, இருக்கட்டும், பையன் அவனாகச் சொல்கிறானா பார்ப்போம் என்று வாட்ச் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார். இல்லை, அப்படியெல்லாம் இருக்காது. இருந்தால்?

“கையில கட்டிப் பாருங்க சார்” என்றார் எதிரே நின்ற விற்பனையாளர். சட்டையில் ஜெரால்ட் என்று பெயர்ப்பட்டை. வெள்ளைக் கையுறை போட்ட விரல்களால் மெலிசுக் கடிகாரத்தை ஒரு பறவைக் குஞ்சைப் போல எடுத்து பூபதியின் மணிக்கட்டில் வைத்தார். எடையே இல்லை. “இது சார், தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும்” என்றார். பூபதி சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தான். கடைக்காரப் பேச்சுதான், ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்வதுதான். ஆனாலும் தெரிந்தவர்கள் யார்? தெரிந்தவர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார், எவ்வளவு நேரமாக அதே பக்கம். இதை எடுத்தால் என்ன நினைப்பார்? அடக்கமான பையன் என்று நினைப்பாரா, அடக்கமாக நடிக்கிற பையன் என்று நினைப்பாரா? தாராபுரத்தில் வளர்ந்தவனுக்கு, அப்பா கையில் வாட்ச்சே இல்லாமல் ஆபீஸ் சுவரைப் பார்த்து மணி தெரிந்துகொண்ட வீட்டுப் பையனுக்கு, இந்த மெலிசின் அருமை எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரிந்ததுபோல எடுக்கிறவன் வேறு எதையெல்லாம் அப்படிச் செய்வான்? அல்லது, இவனுக்குப் பகட்டே வேண்டாமாம், நாளைக்கு நாலு பேர் கேட்டால் மாமனார் இவ்வளவுதான் செய்தாரா என்று நம்மைத்தானே பேசுவார்கள் என்று வருத்தப்படுவாரா? அவர் கையைப் பார்த்தால் ஏதாவது புரியும் என்று பூபதி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினான். வெள்ளியங்கிரியின் மணிக்கட்டில் வாட்ச்சே இல்லை. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக்குக் கீழே உலைப் பொறி தெறித்த பழைய தழும்புகள்தான் வெள்ளை வெள்ளையாக இருந்தன. அந்தக் கையைப் படிக்க முடியவில்லை.

ஜெரால்ட் மெலிசைக் கழற்றிவிட்டு மற்றதைக் கட்டினார். கொக்கி ‘டக்’கென்று விழுந்தது. குளிர்ந்த தங்கம் தோலில் பட்டதும் பூபதியின் முன்கை மயிர் எழுந்து நின்றது. கனம். கையை மேஜையில் வைத்தால் மேஜையும் சேர்ந்து உணரும் என்பதுபோல ஒரு கனம். “இது சார், மண்டபத்துக்குள்ள நுழையறப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.” மறுபடியும் தெரிகிறது. இந்த ஆளுக்கு வேறு வார்த்தையே கிடைக்காதா? ஆனால் பிடித்திருந்தது. அதுதான் அவனுக்கே அதிர்ச்சியாக இருந்தது. மெலிசைக் கட்டியிருந்தபோது என்ன நினைப்பார்கள் என்று யோசித்தவன், இதைக் கட்டிக்கொண்டதும் ஒரு நிமிடம் ஒன்றையும் யோசிக்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தான். வரவேற்பில் வரிசையில் வந்து கை குலுக்குகிறவர்கள் கண் முகத்துக்குப் போகாமல் மணிக்கட்டுக்குப் போவதைப் பார்த்தான். கண் மணிக்கட்டோடு நின்றுவிட்டால் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அது ஒரு வசதி. கல்லின் வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு ஆள் நிம்மதியாக ஒளிந்துகொள்ளலாம். அதற்கடுத்து, கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து வருகிற திங்கட்கிழமை காலை எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றது. சிந்துஜா சாப்பாடு கட்டிக் கொடுத்து வாசல் வரை வருகிறாள், இவன் இந்தத் தங்கத்தைக் கட்டிக்கொண்டு லிப்ட்டில் இறங்குகிறான், கீழே இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறான். தேவைப்பட்டால் இதை விற்கவாவது விற்கலாம் என்று ஒரு நினைப்பு அப்போது குறுக்கே ஓடியது. இவ்வளவு தாழ்ந்த நினைப்பு தன்னுடையதா என்று பூபதிக்குக் காது சூடாகியது. முகம் சிவந்திருக்கும். அது சோபாவிலிருந்து தெரிந்திருக்கும். ஆசை என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஆசை என்றே எடுத்துக்கொண்டால் நல்லது.

வெள்ளியங்கிரியின் செல்போன் அடித்தது. பட்டறையிலிருந்து போலிருக்கிறது, ஏதோ அச்சு சரியில்லை என்று உரக்கப் பேசிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளிப்பக்க நடைக்குப் போனார். நிஜமான போன்தானா, இவனைத் தனியாக விட்டுப் பார்க்கவா? ஜெரால்ட் அவர் போவதைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரோடு கொஞ்சம் நெருக்கமாகப் பேச வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில் குரலைத் தாழ்த்தினார். “பெரியவர் ரொம்ப நல்ல மனுஷர் சார். போன வருஷமும் இதே மாதிரி ஒரு சாரைக் கூட்டிட்டு வந்திருந்தார். அப்பவும் ரெண்டே பீஸ்தான் எடுத்து வைக்கச் சொன்னார். அவரும் இதே நாற்காலியிலதான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பூபதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சொந்தக்காரங்களா இருக்கும் சார். பெரிய மாப்பிள்ளையா இருக்கலாம்.”

பெரிய மாப்பிள்ளை எங்கிருந்து வருவான்? இருப்பது ஒரே மகள். ஒரே மகளுக்குப் போன வருடம் ஒரு மாப்பிள்ளை இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பூபதிக்குப் பயம் வரவில்லை. வெட்கமான ஒரு சந்தோஷம் வந்தது. இரண்டு மாதமாக நெஞ்சின்மேல் வைத்திருந்த பாறையில் பாதியை யாரோ தூக்கித் தராசின் எதிர்த் தட்டில் வைத்தார்கள். அவர்களும் மறைத்திருக்கிறார்கள்! இதுதான் முதல் வரன் என்று புரோக்கர் சொன்னாரே. இல்லை, முதல் வரன் என்று சொன்னாரா, முதல் தரமான வரன் என்று சொன்னாரா? எப்படியானாலும் மறைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய இடத்துப் பெண்ணை எழுத்தர் மகனுக்குக் கொடுக்கிறார்களே என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நாம் என்னவோ அடைப்புக்குறியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தோம். போன வருடத்து ஆள் எதை எடுத்தான்? தங்கத்தை எடுத்து, பேராசைக்காரன் என்று கழித்துவிடப்பட்டானா? மெலிசை எடுத்து, கள்ளன் என்று கழித்துவிடப்பட்டானா? வாட்ச் கடையில் தோற்றுப்போய் எத்தனை பேர் இந்தப் படிக்கட்டில் இறங்கிப் போயிருக்கிறார்கள்? சிந்துஜா ஒரு வார்த்தை சொன்னாளா? தினமும் பேசுகிறாளே, பூனை குட்டி போட்டது முதல் டிரைவர் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது வரை சொல்கிறாளே, இதைச் சொன்னாளா? அவன் கட்டியிருந்த தங்கத்தைத் தானே கழற்றித் தட்டில் வைத்தான். இனி யார் யாரைச் சோதிப்பது என்று பார்க்கலாம். போய்க் கேட்டுவிடுவோம். அவர் தடுமாறட்டும். தடுமாறுகிற மனிதரிடம் நம்முடையதையும் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம், இல்லை, சொல்லாமலே விட்டுவிடலாம், இரண்டும் நேராகிவிடும். மறைத்ததற்கு மறைத்தது சரியாகப் போய்விடும்.

நடையில் வெள்ளியங்கிரி பேசி முடித்துவிட்டு, கீழே ரேஸ்கோர்ஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். “முடிவு பண்ணிட்டீங்களா மாப்ளே?” என்றார். பூபதி தன் குரலில் இருந்த விறைப்பைத் தானே கேட்டான். “போன வருஷம் யாரைக் கூட்டிட்டு வந்தீங்க மாமா?”

அவர் தடுமாறவில்லை. கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார், அவ்வளவுதான். “சிவகுமாருங்களா? அதான் சிந்துவுக்கு மொதல்ல நிச்சயம் பண்ணியிருந்தமே, அந்தத் தம்பிதானுங்க. ஏனுங், கடைக்காரரு ஏதாச்சும் சொன்னாருங்களா?” என்றவர் பூபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “உங்களுக்குத் தெரியுமுன்னு இருந்தேனுங்க. ஜாதகம் குடுத்த அன்னைக்கே உங்கப்பாகிட்டச் சொல்லிப்போட்டேன். அதெல்லாம் எங்களுக்கு ஒன்னுமில்லீங்கன்னுட்டாரு. மாப்ளைக்கு நானே சொல்லிக்கறேன்னு புள்ள சொன்னா. சொல்லலீங்களா?”

சொன்னாள். பூபதிக்கு அந்த இடத்தில் நின்றபடியே அது வந்தது. சொன்னாள் என்றால், சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் போனில், வழக்கமான சிரிப்பு இல்லாமல், ‘உங்ககிட்ட ஒன்னு சொல்லணும், போன வருஷம் எனக்கு...’ என்று ஆரம்பித்தாள். ‘பழசெல்லாம் எதுக்கு சிந்து, விடு. நமக்கு இனிமேதானே’ என்று இவன் தடுத்துவிட்டான். எவ்வளவு பெருந்தன்மை என்று அன்று தன்னைப் பற்றிக்கூட நினைத்துக்கொண்டான். அன்றைக்கு மத்தியானம்தான் அந்தச் செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சிரித்த முகத்தோடு அவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தாள். சிந்துஜா ஒன்று சொன்னால் பதிலுக்கு இவன் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும், அதனால் தடுத்தான். அப்பாவும் ஜாதகம் கொடுத்த அன்று அவர்கள் வீட்டிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே ‘நல்ல மனுசங்கடா, எதையும் ஒளிச்சு வெக்கல’ என்றார். எதை என்று இவன் கேட்கவில்லை. எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கேட்காமல் இருந்தது இவன் ஒருத்தன்தான். எதிர்த் தட்டில் வைத்த பாதிப் பாறை திரும்பி வந்து உட்கார்ந்தது, முன்னைவிடக் கனமாக. ஆனாலும் மனம் விடவில்லை. விடாத மனம் எவ்வளவு கேவலமானது என்று தெரிந்துகொண்டே, “எதனால நின்னு போச்சு மாமா? வாட்ச்சா...” என்று கேட்டான்.

“வாட்ச்சுங்களா?” வெள்ளியங்கிரிக்குப் புரியவில்லை. “அந்தத் தம்பி அமெரிக்காவுல இருந்தாருங்க. அங்க வேறொரு புள்ளையப் பதிவுக் கல்யாணம் பண்ணியிருந்திருக்காரு. அப்பன் ஆத்தாளுக்குப் பயந்துட்டுச் சொல்லல. பந்தக்கால் நட்டு அஞ்சாம் நாள்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. கெட்ட தம்பின்னு சொல்லமாட்டேனுங்க. மொதல்லயே சொல்லியிருந்தாருன்னா, போயிட்டு வாங்க தம்பின்னு அனுப்பிச்சிருப்போம். சொல்லாம, தெனமும் இந்தப் புள்ளகிட்டப் போன்ல பேசிட்டே இருந்திருக்காரு பாருங்க. அதுதான் அவளால தாங்க முடியல. எட்டு மாசம் போனையே தொடலீங்க. அடிச்சா நடுங்குவா.” அவர் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். “அந்தத் தம்பி எந்த வாட்ச்சு எடுத்தாருன்னு கேக்கறீங்களா? சத்தியமா நெனவில்லீங்க. பெட்டியோட திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. நானும் பிரிச்சுப் பாக்கல.”

கீழே இரண்டு பெண்கள் வேக நடை நடந்துகொண்டு போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவள் நின்று சிரித்துவிட்டுப் பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். தினமும் போனில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான் என்று பூபதியின் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தது பின்னால் வந்த வண்டியை. செய்தித்தாளில் ஒரே பக்கத்தில் இருந்தது, ஒருவேளை அவருக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். தெரியாது என்று தெரிந்ததும் தப்பித்தோம் என்றுதானே தோன்ற வேண்டும்? உள்ளே போய் ஏதாவது ஒன்றை, மெலிசோ தங்கமோ, கையை நீட்டி இது என்றால் போதும். பத்தொன்பது நாள். அதற்குள் ஒரு வேலை கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்த பிறகு ஒரே வாக்கியம். நாக்கு அந்தத் திட்டத்தை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதற்குச் சம்பந்தமில்லாமல் வேறொன்றைச் சொன்னது.

“எனக்கு வேலை இல்லீங்க மாமா.”

வெள்ளியங்கிரி திரும்பினார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு மாதம் ஆச்சுங்க, நிச்சயம் முடிஞ்சு ஒரு வாரத்துல, எங்க டீம்ல பாதிப் பேரை, நான் யார்கிட்டயும், பத்திரிகையில போட்டிருக்கறது பொய்யிங்க என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினான். தேடிக்கொண்டிருக்கிறேன், மூன்று இடத்தில் கடைசிச் சுற்று வரை போனேன் என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்பது போய் விண்ணப்பம் போடுவதுபோல ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டான். அவர் முகத்தில் கோபம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கோபத்தைவிட மோசமாக, அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வயசாகிக்கொண்டே போனது. போன வருடமும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

“சம்பந்திக்குத் தெரியுங்களா?” என்றார்.

“தெரியாதுங்க.”

“ரஞ்சித்துகிட்ட, கிஞ்சித்துகிட்ட...”

“யாருக்கும் தெரியாதுங்க மாமா. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.”

“எங்கிட்ட எதுக்குங்க மொதல்ல சொன்னீங்க?” என்றார் அவர். குரல் உயரவில்லை. “பட்டறையில ஊத்தற வார்ப்பு எல்லாம் ஒரே மாதிரியா வருது? போகுது, வருது. வேலை போனதுக்கு நான் என்ன சொல்லப்போறேன். அது என்ற தலைவலி இல்லீங்க.” செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “அவகிட்டச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. அவ வேண்டாமுன்னா வேண்டாம், வேணுமுன்னா வேணும். நான் ஒரு பக்கமும் பேசமாட்டேன்.” கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பூபதி பார்த்தான். அவர் ஜெரால்டிடம் ஏதோ சொன்னார். ஜெரால்ட் தலையசைத்துவிட்டு வெல்வெட் தட்டை, இரண்டு கடிகாரங்களோடும், எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கண்ணாடி மேஜை காலியாக இருந்தது. பூபதிக்கு எது வேண்டும் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது. அவர் எதை நினைப்பார் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சிந்துஜாவின் பெயரை அழுத்தினான். மணி போய்க்கொண்டிருந்தது. அடிச்சா நடுங்குவா. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது எடுத்துவிட்டாள். “எடுத்தாச்சா? எது எடுத்தீங்க? அப்பா தலையிட்டாரா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிறவரை காத்திருந்து, முடிந்ததும், ஒன்றையும் முன்னால் பின்னால் மாற்றாமல் வரிசையாகச் சொன்னான். அவள் பழசைச் சொல்ல வந்த அன்று தான் எதற்காகத் தடுத்தான் என்பதையும் சொன்னான். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. துண்டித்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“சிந்து.”

“இருக்கேன்” என்றாள். அவன் இதுவரை கேட்டிராத குரல். “கல்யாணத்தைப் பத்தி நான் இப்ப எதுவும் சொல்லப்போறதில்ல. நாளைக்கும் சொல்லமாட்டேன். எனக்கு எத்தனை நாள் ஆகும்னு எனக்கே தெரியாது.”

“சரி.”

“நான் தினமும் ஒரு மணிக்குக் கூப்பிடுவேன். சாப்பிட்டாச்சான்னு கேப்பேன். ஆபீஸ் கேன்டீன்ல இருக்கேன், இன்னிக்கு பிசிபேளாபாத், இன்னிக்கு சப்பாத்தி குருமான்னு சொல்லுவீங்க. அது எல்லாமே...”

“பொய் சிந்து.”

அழுகிறாளோ என்று அவன் பயந்தான். அவள் அழவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியையோ எதையோ இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“அப்ப நெஜமா என்ன சாப்பிட்டீங்க?” என்றாள். “மொத நாள்ல இருந்து சொல்லுங்க. ஒரு நாள் விடாம.”

பூபதி நடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் சாப்பிடவில்லை என்றான். இரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தயிர்ச்சாதம். மூன்றாம் நாள் நினைவுக்கு வரவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது. அவன் வாயை மூடிக்கொண்டு யோசித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை, அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள்.